மஞ்சள் அழைப்பு

புந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்.
பிடித்துக்கொண்டு கடக்கலாம்.
செவ்வாய் மாலை அப்படித்தான் போனேன்
தீயணைப்பு நிலையத்தின் மாடியறைக்கு.
'தன்னை நிர்வகித்தல், ஆறு வாரம், கட்டணமில்லை'
என்ற தாளை நம்பியல்ல.
மேலாளர் அனுப்பினார்.
கையெழுத்து வாங்கிவர வேண்டும்.

நேரத்தைப் பற்றி வகுப்பெடுக்க வந்தவன்
பதினேழு நிமிடம் தாமதம்.
காற்று கார்க் கதவைப் பிய்த்துவிட்டதாம்.
யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.
மிர்கோ. என் தம்பி வயதிருக்கும்.
மூச்சிரைக்க ஒரு வட்டம் போட்டான்,
இருபத்துநான்காக வெட்டினான்.
"உங்கள் நாளை நிரப்புங்கள்."

என் வேலை இது:
ஆம்புலன்ஸ் கேட்டு அழைப்பவர் காதில்
முதலில் விழும் குரல்.
முகவரி. மூச்சு இருக்கிறதா. ரத்தம் எங்கிருந்து.
நாற்பது நொடியில் நிறம் சொல்லிவிடுவேன்.
மூன்றாம் மாடியில் நாக்குக் குழறும் மனிதர், சிவப்பு.
நண்டு ஆலையில் விரல் போனவன், மஞ்சள்.
தூக்கம் வராமல் அழைக்கும் செனோரா ஊர்சுலா, பச்சை,
தினமும் பச்சை,
அவளுக்கும் என்னிடம் ஒரு நல்லிரவு உண்டு.

வட்டத்தில் என் பணி: பன்னிரண்டு.
பிள்ளைக்குக் காய்ச்சல் என்று
இன்னொருத்தி தலையில் கட்டியது: நான்கு.
அம்மாவின் மாத்திரை, பேருந்து, வரிசை, பாத்திரம்.
கூட்டினால் இருபத்தேழு வந்தது.
தூக்கத்தை வட்டத்துக்கு வெளியே எழுதினேன்,
ஓரமாக, பூனைக்கு வைத்த தட்டு மாதிரி.

மிர்கோ பார்த்தான். அறிவுரை சொல்லவில்லை,
அதற்காகவே அவன் தாமதத்தை மன்னித்தேன்.
"உங்களை நீங்களே அழைத்தால்
என்ன நிறம் கொடுப்பீர்கள்?"

கேள்வி சுமார்தான்.
இருந்தும் வீடுவரை கூடவே வந்தது.

இரவு, சமையலறை.
காதில் கருவி இல்லாமல் கேட்டுப் பார்த்தேன்.
எங்கே இருக்கிறீர்கள்?
அடுப்புக்குப் பக்கத்தில்.
உடன் யார்?
ஃப்ரிட்ஜ்.
மூச்சு?
இருக்கிறது, மேலாக.
வலி?
கடைவாயில். ஆகஸ்டிலிருந்து.
ஆகஸ்டிலிருந்தா! ஏன் இத்தனை நாள் அழைக்கவில்லை?
லைன் கிடைக்கவில்லை என்று வாய்வரை வந்தது.
இருபத்திரண்டு ஆண்டாக
அந்த லைனில் உட்கார்ந்திருப்பவளே நான்தான்.

பல்: மஞ்சள்.
பிரிக்காத மின்கட்டணம்: மஞ்சள்.
அக்கா ஏப்ரலில் அனுப்பி நான் திறக்காத குரல்செய்தி:
பச்சை என்று எழுதினேன், அடித்தேன்,
நிறமில்லாமல் விட்டேன்.

புதன், பல் மருத்துவரிடம் நேரம் வாங்கினேன்.
வியாழன், வடக்குச் சாலையில் பேருந்து கவிழ்ந்தது.
பதினாறு மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை.
பட்டியலின் மேல் காபிக் கோப்பை,
கோப்பையின் வட்டம்,
அதற்குள் எந்த மணியும் இல்லை.
பல் மருத்துவர் வேறு யாருடைய பல்லையோ பிடுங்கியிருப்பார்.

வெள்ளி, மேலாளர்:
"ஓடெத், சனி இரவும் நீயே..."
வழக்கமாக அவர் முடிக்குமுன் என் 'சரி' விழுந்துவிடும்.
அன்று என்னையறியாமல் வந்தது
வேலைக் குரல்:
"லைனிலேயே இருங்கள்."
அவர் நேரெதிரே நின்றுகொண்டிருந்தார்.
நாற்பது நொடி.
எண்ணினேன். அவரும் எண்ணியிருக்கலாம்.
முடியாது என்றேன்.
கூட்டத்தில் கால் மிதித்தவள் மன்னிப்புக் கேட்கும் குரலில்.

சனி இரவு நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல ஆசைதான்.
தூங்கவில்லை.
ஒவ்வொரு சைரனுக்கும் கண் திறந்தது,
என் இடத்தில் யார், ஊர்சுலாவுக்கு நல்லிரவு சொன்னார்களா.
நான்கு மணிக்கு எழுந்து
அக்காவின் செய்தியைத் திறந்தேன்.
நெஞ்சு ஏழு மாதமாக ஒத்திகை பார்த்த கெட்ட சேதி.
பதினோரு நொடி.

"அந்த நீலக் கம்பளிச் சட்டை
உன்னிடமா இருக்கிறது?"

பல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.
அதைத்தான் போட்டிருந்தேன்.