நிலுவைச் சரக்கு

சண்டிகரிலிருந்து வந்த தகரப் பெட்டி
கீழமாசி வீதி புக்கிங் ஆபீஸில்
மூன்று வருஷமாக என் நாற்காலிக்குப் பின்னால்.
பெறுநர்: சார்ஜென்ட் ஒச்சப்பன், உசிலம்பட்டி.
போன் அணைத்து வைக்கப்பட்டுள்ளது.
போன வைகாசியில் எலி புகுந்துவிட்டதென்று
முதலாளி பூட்டை உடைக்கச் சொன்னார்.

ஒரு கம்பளிக் கோட்டு, பிடி தேய்ந்த ஸ்பானர்கள்,
பதினோரு நோட்டு.
ஒரு சரக்கு விமானத்தை விலா விலாவாக அளந்து
பென்சிலில் எழுதி வைத்திருந்தார் மனுஷன்.
ஆன்-பன்னிரண்டு. நான்கு விசிறி.
நான் பிறந்த வருஷம் படையை விட்டுப் போனது.
நோட்டைப் பழைய பேப்பரில் போடு என்றார் முதலாளி.
பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வில்லாபுரத்தில், தம்பி விட்டுப்போன கம்ப்யூட்டரில்
பத்து மணிக்கு மேல் கட்டினேன்.
மூக்கு சுலபம்.
வால் கதவு மட்டும் ஏழு ராத்திரி தின்றது:
வெளியே திறக்காது, உள்ளே மேல்நோக்கி மடங்கும்.
ஓரத்தில் ஒச்சப்பன் எழுதியிருந்தார்,
‘இடது கதவு அடம்பிடிக்கும், உதைக்கவும்’.
உதையை எப்படி வரைவது?
பூட்ஸ் அளவில் ஒரு நசுங்கல் வைத்தேன்.

உள்தரைக்குப் படம் இல்லை.
பரமக்குடி போகும் லாரியின் தரையைச்
செல்போனில் எடுத்து ஒட்டினேன்.
சரக்கு இழுத்த கீறல் எங்கும் ஒன்றுதான்.
மூலையில் கொஞ்சம் மிளகாய் விதையும் வந்துவிட்டது.
இருக்கட்டும்.

நேற்று, பெருங்குடி ஓடுபாதையில் முதல் ஓட்டம்.
மேலேறிப் பார்த்தால் சிரிப்பு வந்தது.
மென்பொருள் கட்டிய மதுரையில்
நான்கு கோபுரமும் நான்கு மாடிக் குடியிருப்பு,
நாகமலை ஒரு நனைந்த போர்வை,
வைகையில் கரை முட்டத் தண்ணீர்.
அழகர் வந்தால் நீந்தத்தான் வேண்டும்.

மேற்கே திருப்பினேன்.
உள்ளே ஒரே சரக்கு: அதே தகரப் பெட்டி,
துருவும் பூட்டு உடைந்த தழும்பும் மாறாமல்.
உசிலம்பட்டி வெறும் பச்சைக் கட்டங்கள்.
அதில் எந்தக் கட்டம் ஒச்சப்பன் வீடோ.
கதவை மடக்கி மூக்கைத் தூக்கினேன்.
பெட்டி நகரவில்லை.
இன்னும் தூக்கினேன்.
விமானம் உதறியது,
பெட்டி அப்படியே.

கவுன்ட்டருக்கு யார் வந்தாலும்
‘எடை எவ்வளவு’ என்றுதான் வாய் திறப்பேன்.
இதற்கு எடை போட மறந்திருக்கிறேன்.

திரும்பி வந்து இறக்கிவிட்டு
பழைய பில்லைத் தேடினேன்.
நாற்பத்திரண்டு கிலோ.
கூலி, அனுப்பும்போதே கட்டியாயிற்று.