இருபதாவது

மூன்றாம் எண் டிராமை ஓட்டுகிறவள் நான்.
என் சைக்கிளைக் கவிழ்த்ததும்
மூன்றாம் எண் தண்டவாளம்தான்.
தம்பெரே ரயிலடித் திருப்பத்தில்
முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது,
நான் நிற்கவில்லை.
பின்னால் வந்த டிராமில் வூக்கோ இருந்தாள்.
கண்ணாடிக்குள் அவள் வாய் திறப்பதைப்
படுத்தபடியே பார்த்தேன்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு.
சைக்கிளுக்குக் கழுத்துச் சுளுக்கு:
ஃபோர்க் இரண்டு விரற்கடை பின்வாங்கி
ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம்
பல்லைக் கடித்தது.

பனி உருகும் மாதம்.
ஊரே சைக்கிளை வெளியே எடுக்கிறது,
மூன்று வாரம் ஆகும் என்றது கடை.
புது ஃபோர்க், புது ஹெட்செட், ஒரு டப்பா கிரீஸ்
வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பழைய கிண்ணங்களைத் தட்டிக் கழற்ற
ஒரு செப்புக் குழாய்.
முனையை நான்காக அறுத்து
லேசாக விரித்துக்கொண்டேன்.
ஐந்தாவது அடியில் மேல்கிண்ணம் கழன்று
தரையில் விழுந்தது.
தரை வழியாகக் கீழ்வீட்டிலும்
விழுந்திருக்க வேண்டும்.

அழைப்பு மணி.
கம்பளிக் காலுறையோடு தாவெத்தி.
"பத்து மணிக்கு மேல்" என்றார்.
அவரைப் பொறுத்தவரை அது முழு வாக்கியம்.
"இன்னும் ஒரு கிண்ணம்தான்" என்றேன்.
என் தோளுக்கு மேலாக
தலைகீழாய்க் கிடந்த சட்டத்தைப் பார்த்தார்,
பிறகு உள்ளே வந்தார்.
நாற்காலியில் உட்கார்ந்து
மடியில் சோபாத் தலையணை,
தலையணை மேல் சைக்கிளின் கழுத்து.
"இப்போது அடி."
அடித்தேன்.
சத்தம் முழுவதும் அவருக்குள் போய்விட்டது.

பால்கனியில், மைனஸ் பதினொன்றில்,
புது ஃபோர்க் சுருங்கிக்கொண்டிருந்தது.
அடுப்பில், முட்டை வேகவைக்கும் சட்டியில்,
அடிவளையம் விரிந்துகொண்டிருந்தது.
ஒன்று சூடாறி, மற்றது சூடேறி
பழைய அளவுக்குத் திரும்புமுன்
ஒரு மயிரிழை இடம் கிடைக்கும்.
இடுக்கியால் எடுத்துப் போட்டேன்.
டக்.
அவ்வளவுதான். அதற்குத்தான் அவ்வளவு ஏற்பாடு.

கிண்ணங்களை உள்ளே இழுக்க
நீள மரையாணி, இரண்டு நட்டு,
ஆறு வாஷர்.
நான் கால் சுற்று திருக
அவர் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து
"கோணல்" என்பார்.
தளர்த்தித் திரும்பவும் திருகுவேன்.
"ம்."

இடையில் அவர்
பழைய பேரிங்கின் குண்டுகளை
சாசரில் போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.
மேலே இருபது. கீழே பத்தொன்பது.
குப்பைக்குப் போகப்போகிற இரும்புதான்.
இருந்தும் இருவரும் வயிற்றில் படுத்து
அடுப்புக்கு அடியில் டார்ச் அடித்தோம்.
கிடைத்தவை: ஒரு கொண்டை ஊசி,
காய்ந்த காட்டுப்பழம்,
சென்ற வருடம் திட்டித் தேடிய
தபால்பெட்டிச் சாவி.
"முதலிலிருந்தே பத்தொன்பதுதானோ" என்றார்.
பதினொரு வருடம்
கையை விட்டு ஓட்டியிருக்கிறேனே அதை!

வெட்டவேண்டிய இடம் வந்தது.
ஸ்டியரிங் குழாயில் டேப் சுற்றினேன்,
அளந்தேன், டேப்பை உரித்து
இன்னும் மேலே சுற்றினேன்.
ஹேக்சாவைக் கையில் வைத்துக்கொண்டு
தண்ணீர் குடித்தேன்.
நீளமாய் இருந்தால் வளையம் சேர்க்கலாம்,
குட்டையானதை
எந்தக் கடையும் வளர்த்துத் தராது.
பிளேடின் அலறல் சுத்தியலை விட மோசம்.
மேல்வீட்டார் இறங்கி வரவில்லை,
மேல்வீடு கிடையாது, கூரைதான்.

முன்பிரேக்கைப் பிடித்து
முன்னும் பின்னும் அசைத்தேன்.
இடுக்கில் விரல் வைத்திருந்தார் தாவெத்தி.
"ஆட்டம் இருக்கிறதா?"
"இல்லை."
சட்டத்தைத் தூக்கினேன்.
முன்சக்கரம் யாரும் சொல்லாமலே
இடப்பக்கம் மெல்லச் சரிந்து
குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து நின்றது.
காபி வேண்டுமா என்றேன்.
மணியைப் பார்த்துவிட்டு, அரைக் கோப்பை என்றார்.

காலை நாலே முக்காலுக்கு
டெப்போ நோக்கி மிதித்தேன்.
ரயிலடித் திருப்பத்தில் இறங்கி
உருட்டிக்கொண்டுதான் கடந்தேன்.
ஏழு மணிக்கு அதே இடத்தை
நாற்பது டன்னோடு கடந்தபோது
மணி அடித்தேன், எதிரில் யாருமில்லை.

வியாழக்கிழமை மாடிப்படியில்
தாவெத்தி உள்ளங்கையைத் திறந்தார்.
துவைக்கப் போடும்போது
காலுறையிலிருந்து விழுந்ததாம்.
"அப்போது இருபதுதான்" என்றேன்.
"இருபதுதான்" என்றார்,
கொஞ்சம் ஏமாற்றத்தோடு.