ஞாயிறு, ஐந்து நிமிடம்

பொத்தானை அமத்தினதும்
ஒரு ஜப்பான்காரி பேசுவாள்.
கனிந்த குரல், அவசரமில்லாதது.
பத்தொன்பது வருசம் கோட்டில் நின்று
தமிழைச் சிங்களமாக்கி, சிங்களத்தைத் தமிழாக்கிச்
சம்பளம் எடுத்தவள் நான்.
என்ர காருக்குள் எனக்கே ஒரு சொல் விளங்கவில்லை.
ஏதோ எச்சரிக்கையென்று
இரண்டு மாதம் பயந்து பயந்து ஓட்டினேன்.
மறுகா துஷாந்தி போனைப் பிடித்துப் பார்த்துச் சொன்னாள்:
இன்றைக்கு என்ன தேதி, என்ன கிழமை,
அவ்வளவுதானாம்.

களுவாஞ்சிகுடியில் தொண்ணூற்றாறு.
குருக்கள்மடம் கழிய எண்பத்தைந்து.
காத்தான்குடிப் பேரீச்சைகளுக்குக் கீழே
நெரிசலில் நிற்க, எண்ணும் அசையாமல் நிற்கும்.
கல்லடிப் பாலத்தில் அறுபத்தெட்டு.
திரும்பி வரவும் போதும்,
வழியில் மீன் வாங்கவும் போதும்.

ஆனாலும் ஆரையம்பதி ஷெட்டடியில்
கழுத்து தானாகக் கிறுகுகிறது,
வரிசை எவ்வளவு தூரமென்று பார்க்க.
வரிசை இல்லை.
மூன்று இரவு குகதீசன் சீற்றைச் சாய்த்துக் கிடந்து,
நுளம்புத்திரி முன்கண்ணாடியடியில் எரிந்து சாம்பலாகி,
நாலாம் விடியலில் ஒரு பெடியன் வந்து
'முடிஞ்சுது' என்று மட்டை தொங்கவிட்ட இடம்.
இப்போது அங்கே ஒருவன்
வத்தகப்பழம் விற்கிறான்.

சிவப்பு மாருதி முருங்கைக்குக் கீழே நிற்கிறது.
விற்க வேண்டாம் என்றார் இவர்.
'தூரப் பயணம் வந்தால்?'
வரவில்லை.
கிழமைக்குரிய பெற்றோலைக் கேட்டு
கொழுந்தன் செவ்வாய் தோறும் மெசேஜ் போட்டான்.
பானெற்றில் பூ கொட்டுகிறது.
பக்கக் கண்ணாடியில் தன்னோடு சண்டைபிடிக்க
ஒரு புலுனி வருகிறது, எட்டரைக்கு.

ஆவணியில் பதுளையில் ஒரு கலியாணம்.
மகாஓயாவுக்கு அங்கால் மலை,
வெள்ளைக்காரின் எண் அதுவரை தாங்காது.
விடிய நாலு மணிக்குச் சிவப்பைத் திருகினால்
ஒரு இருமல்கூட இல்லை. பற்றறி செத்துக் கிடந்தது.
இரண்டு வயர் பூட்டி
வெள்ளைக்காரிடமிருந்து கறண்ட் கடன் வாங்கித்தான்
பெற்றோல் கார் உயிர் பெற்றது.
குகதீசன் ஒன்றும் பேசவில்லை.
நான் சிரித்ததை
அவர் இன்னும் மறக்கவில்லை.

என் இடதுகால் கிளச்சை மறந்திருந்தது.
ஏற்றம் முழுக்க இரைச்சல், மணம்,
கதைப்பதற்குக் கத்த வேண்டியிருந்தது.
இரவு பத்தரைக்கு வந்து இறங்க
பூரணியக்கா வேலிக்கு மேலால்:
'இண்டைக்குத்தாங்கா நீ வந்தது தெரிஞ்சது.
மற்ற நாளெல்லாம் பேய் மாதிரி வந்து நிக்கிறாய்.
ஒரு சத்தம் வேணும் மனிசருக்கு.'

பழைய வழக்கொன்றில் ஒரு சாட்சி.
எண்பத்தொன்பதில் காணாமல் போன மகனின் தாய்.
'இருட்டில் எந்த வாகனமென்று
எப்படித் தெரியும்?'
'சத்தத்தில்.'
சிங்களத்தில் அது ஒரே ஒரு சொல்.
அதைச் சொல்லிவிட்டு
தண்ணீர் குடித்தேன்.
எங்களுக்கெல்லாம் தெரிந்த மொழி அது.
லான்ட்மாஸ்டர் எது, ஜீப் எது,
எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புவது எது,
திரும்பாமல் போவது எது.
பூரணியக்காவுக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை.
இப்போது ஒழுங்கைக்குள் வரும்போது
தேவையில்லாமல் ஒருதரம் கோண் அடிக்கிறேன்.

ஞாயிறு காலை ஐந்து நிமிடம்
சிவப்பை இயக்கி விடுகிறேன், பற்றறிக்காக.
கோழிகள் சிதறும். கொடியில் கிடக்கும் சேலையில் புகை ஏறும்.
புலுனி கோபித்துக்கொண்டு கூரைக்குப் போகும்.
நிறுத்தினதும்
முதலில் கேட்பது பூரணியக்காவின் துருவலை,
பிறகு கடல்.

திங்கள் ஏழு மணிக்கு
அவள் திங்கள் என்கிறாள்.
'ஓம்,' என்கிறேன்,
எனக்குத் தெரிந்த மொழியில்.