வாரிஸ்

செந்தூல் ஃபிளாட், பதினோராவது மாடி.
லெபனானுக்குப் போகுமுன் நிரப்ப வேண்டிய படிவம்,
ஓரத்தில் மீ கோரேங் எண்ணெய்.

'வாரிஸ்' என்கிறது மலாய்.
நம் வாரிசேதான்; கட்டம் மட்டும் சின்னது.

இருட்டில் ரைஃபிளைக் கழற்றி
நாற்பது விநாடியில் மாட்டுகிற கை
பேனாவோடு நின்றுவிட்டது.

"வாடகைக்கு இருப்பவர்னு போடவா?"
சிரித்தோம்.
பிறகு கோப்ரல் இளமாறன்
ஜொகூர் அக்காள் பெயரை எழுதினான்.
ஆறு வருடமாய்ப் பேசாதவள்.

மழைக்கு அவன் வலது முழங்கால் நோகும்.
தூக்கத்தில் துப்பாக்கி நம்பர் சொல்வான்.
காலையில் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவது நான்.

குண்டு விழுந்தால்
முதலில் அவள் வீட்டுப் போன் அடிக்கும்.

அவளிடம் என் நம்பர் இல்லை.