நாற்பத்தொன்று முதல் நாற்பத்தாறு வரை

ஆடு போலீசை எதிர்த்துப் பேசுகிறதாம்.
களியக்காவிளைப் பள்ளி நூலகத்திலிருந்து புத்தகம்
எச்.எம். பீரோவுக்குப் போய்விட்டது.
புகாரில் முதல் கையெழுத்து
ஷெர்பினின் அப்பா.

மூன்று நாள் பேசவில்லை.
பஸ்ஸில் அவள் பிடித்துவைத்த சீட்டில்
என் பையை மட்டும் உட்காரவைத்தேன்.

வியாழன், மழை.
ரப்பர் ஷீட் அடிக்கிற புரைக்கு வந்தாள்.
"எதுவரை படிச்சே, பிள்ளே?"
"நாப்பது."
கடைசிப் பக்கத்திலிருந்து
பின்னோக்கிப் படிக்கிற கிறுக்கு அவளுக்கு;
நாற்பத்தேழு வரை வந்திருந்தாள்.

நான் முன்கதை சொல்ல, அவள் பின்கதை சொல்ல,
நடுவில் ஆறு பக்கம் யாரிடமும் இல்லை.
செக்போஸ்டில் கட்டிப்போட்ட ஆடு
பாறசாலையில் புல் மேய்கிறது.
எப்படித் தாண்டியது?

"நீந்தி" என்றாள்.
"உங்கப்பா வாழைக்குலை லாரியில" என்றேன்.

ரோலர் கைப்பிடியைக்
கொஞ்சநேரம் சும்மா சுற்றினாள்.
"அவருக்குத் தெரியாம"
என்றாள்.