மறுப்புப் பதிவேடு

எல்லோருக்கும் மூடு, பிறகு சிலருக்குத் திற.
முறை அதுதான்.
நான் முதல் பாதியை மட்டும் எழுதி
என்டரைத் தட்டிவிட்டேன்.

கர்சர் நின்றது.
இருபத்திரண்டாம் எண் கதவு இனி எனக்கும் இல்லை.
ஐந்து நிமிடத்தில் விதிகளைக் கலைத்துவிடு என்று
முன்கூட்டியே ஒரு கட்டளை வைத்துவிட்டுத்தான்
ஃபயர்வாலில் கை வைக்க வேண்டும்.
கை வைத்த பிறகுதான் அது நினைவுக்கு வரும்.

இரவு பதினொன்று நாற்பது.
பாடி மேம்பாலத்தில் ஆட்டோ,
படுதா கிழிந்த பக்கமாகப் பார்த்து மடியில் விழும் சாரல்.
அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிகள் தூங்கின,
தெருவிளக்கும் பாதி.

வாசலில் எத்திராஜுலு.
மூன்று வருடமாகத் தெரியும்.
நான் சர்க்கரை இல்லாமல் டீ குடிப்பதுகூடத் தெரியும்.
"உள்ள விடுற லிஸ்ட்டு திறக்கலையேம்மா."
லிஸ்ட் இருப்பதே நான் பூட்டிய சர்வரில்தான் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
கோதண்டம் சாருக்குப் போன் போட்டார்.
"விடுங்க" என்றார் அவர், தூக்கத்தில்.
"விடச் சொல்லி ஒரு மெயில் போடுங்க சார்."
எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
மழையில் நின்றபடி
அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

உள்ளே பதினெட்டு டிகிரி, ஈரத் துப்பட்டா,
ஸ்பேஸ் பார் சிக்கிக்கொள்ளும் கீபோர்டு.
வரிசையை மாற்றினேன்: திறப்பவை மேலே, மூடுவது கடைசியில்.
மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வரும் அது,
பொருந்திய முதல் வரியில் நின்றுவிடும்
அதற்கு அடியில் எவ்வளவு நியாயம் எழுதியிருந்தாலும்.

முடிந்தது என்று எழுந்தால்
ரத்த வங்கியின் பக்கம் மட்டும் வரவில்லை.
சாயங்காலம் நான் இடம் மாற்றிய ஃபோல்டர்
பழைய இடத்து லேபிளை ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது.
உரிமையாளர் சரி, அனுமதி எண்கள் சரி,
ஏழு ஏழு ஏழு கொடுத்தாலும் விடாது.

"செலினக்ஸை ஆஃப் பண்ணிட்டுப் போய்த் தூங்கும்மா,
ஊர்ல எல்லாரும் அதத்தான் பண்றாங்க"
என்றார் கோதண்டம் சார்.
ஒரே வரி. விரல்களுக்கு மனப்பாடம்.

லாகைத் திறந்தேன்.
மறுக்கப்பட்டது.
கேட்டது யார், கேட்டது எதை, எந்த நொடியில்,
கேட்டவர்மேல் என்ன லேபிள்,
கேட்கப்பட்டதன்மேல் என்ன லேபிள்.
மழுப்பாமல், ஒரே மூச்சில்.

அதை நான் தேவைக்கு மேல் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியிலிருந்து வீடு தேடுகிறோம்.
கொளத்தூரில் மாடிப் போர்ஷன், மெட்ரோ வாட்டர், தனி மீட்டர்.
பேர் கேட்டார்கள். சபீனா என்றேன்.
போனில் ஒரு மிடறு இடைவெளி.
"இப்பத்தான் ஒருத்தங்க அட்வான்ஸ் குடுத்துட்டுப் போறாங்க."
பெரவள்ளூரில் ஊரிலிருந்து பையன் வருகிறானாம்.
திரு.வி.க. நகரில் பெயின்ட் வேலை நடக்கிறது,
மூன்று மாதமாக நடக்கிறது,
டு-லெட் பலகை கேட்டிலேயே நனைகிறது.
எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள்.
ஒருவராவது தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்.
எந்த வரியில் நான் பொருந்தினேன் என்று
எந்த வீட்டிலும் எழுதி வைக்கவில்லை.

இங்கே லேபிளைத் திருத்த ஒரு கட்டளை போதும்.
போட்டேன்.
பக்கம் வந்தது: ஓ நெகட்டிவ், இரண்டு யூனிட்.
செலினக்ஸ் விழித்தே இருந்தது.

வெளியே எத்திராஜுலு நோட்டை நீட்டினார்.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
பூட்டியதும் நானே என்று எழுதினேன்.
போகும் நேரம் மூன்று பத்து.
அவர் தன் வாட்சைப் பார்த்தார்.
"மூணு பதினாலும்மா. அடிச்சிட்டுத் திருத்துங்க,
பக்கத்துல ஒரு கையெழுத்தும் போடுங்க."

போட்டேன்.