ஆல்டோ

எங்கள் வீட்டில் அப்பா ஆட்டோ, நான் ஆல்டோ.
அப்பாவே சொல்லி அப்பாவே சிரிக்கிற ஜோக்.
காட்பாடி ஸ்டேஷனில் கொல்கத்தா வண்டி இறக்கிவிடும் நோயாளிகளை
ஆஸ்பத்திரி எதிர்ச் சந்து லாட்ஜுகளில் கொண்டுபோய் விடுகிறவர்,
வங்காளியில் பேரம் பேசத் தெரிந்தவர்,
மகள் பாடுகிற குரலுக்குக் காரின் பெயர் எதற்கு என்று
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மெட்டு மேலே போகும்.
சோப்ரானோக்காரிகள், மல்லிகையும் புதுப் புடவையுமாக,
முன்வரிசையில் அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.
நான் ஒரு படி கீழே.
ஐந்து எண்ணும்வரை ஒரே சுரத்தில் நின்று
ஆறாவதில் அரைப்படி இறங்கி
திரும்ப வந்து நிற்கவேண்டும்.
நான் இருப்பது யாருக்கும் தெரியாது.
நிறுத்தினால் மட்டும்
என்னவோ குறையுதே என்பார்கள்.

ஒபேத், டெனர்.
இரண்டு வருடச் சனிக்கிழமைகள் எனக்கு நேர் பின்னால்.
தோட்டப்பாளையம். லேப் டெக்னீஷியன் படிப்பு.
சுரத்தாள் நீட்டும்போதுகூட
நரம்பு தேடுவதுபோல் இருக்கும் அந்த விரல்கள்.
அவன் மூச்சிழுப்பது என் பின்னங்கழுத்தில் தெரியும்.
அதை வைத்துத்தான் தொடங்குவேன்,
மாஸ்டர் கையைப் பார்த்தல்ல.

மே மாதம். ஃபேன் சத்தத்தில் சுருதி கேட்கவில்லை என்று
அதையும் நிறுத்திவிட்டு
வேலூர் வெயிலில் வெந்துகொண்டே பாடினோம்.
கடைசி வரியில்
என் சுரமும் அவன் சுரமும் ஒட்டிக்கொண்டதில்
யாரும் பாடாத மூன்றாவது ஒன்று
அறைக்குள் கேட்டது.
திரும்பினேன்.
"கேட்டுச்சா?" என்றான்.
கேட்டது என்று சொல்ல எனக்கு நாலு நாள் ஆயிற்று,
கோட்டை அகழியோரம்,
முழங்கை வரை வழிகிற குச்சி ஐஸோடு.

பிறகு பெங்களூரில் வேலை.
சனிக்கிழமை தவறாமல் வருவேன் என்றான்.
ஆறு சனி வந்தான், அதைச் சொல்லியாக வேண்டும்.

ஏழாவது சனி போனில்,
"ஏதாவது பாடேன் ஹெப்சி."
மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் மறைவு.
கீழே கேட்டுவிடுமென்று வார்த்தையை விட்டுவிட்டு
ம்ம் என்றே முனகினேன்,
அன்றைக்கு அந்த மூன்றாவது ஒன்று கேட்டதே, அதே பாட்டு,
முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை.

கொஞ்சம் யோசித்தான்.
"நல்லாருக்கு. என்ன பாட்டு இது?"

அழுதேன், பொய் எதற்கு.
அம்மா சோற்றில் உப்பு போதுமா என்று கேட்டதற்குக் கத்தினேன்.
இரண்டு வருடம் என் தலைக்குப் பின்னால் நின்றவனுக்கு
நான் பாடுவது தெரிந்திருக்கவில்லை.

ஆனால் அன்றிரவு, நியாயம் பார்க்கலாமென்று,
அவனுடைய பாகத்தை நான் பாடிப் பார்த்தேன்.
இரண்டாம் வரியைத் தாண்டவில்லை.
என்னிடம் இருந்ததெல்லாம் அவன் மூச்சு.
மெட்டை எடுத்தேன். வந்தது,
எல்லோருக்கும் வருகிற மாதிரி.
விட்டுவிட்டு என்னுடையதற்கே வந்தேன்.
எதற்கும் துணையில்லாமல்
அது எங்கே போகிறது என்று பார்க்க.

அவன் மேல் கோபம் எப்போது போனது, கவனிக்கவில்லை.

இப்போது சத்துவாச்சாரியில் வேலை.
காலை எட்டேமுக்கால், பாலாற்றுப் பாலம், ஸ்கூட்டி.
ஹெல்மெட்டுக்குள் பாடினால் குரல் வெளியே போகாது,
திரும்பி என் காதிலேயே விழும்.
ஐந்து எண்ணும்வரை ஒரே சுரம்.
முன்பெல்லாம் யாருக்காகவோ காத்திருப்பதுபோல் இருக்கும் அந்த இடம்.
இப்போது வேண்டுமென்றே ஏழு, எட்டு எண்ணுகிறேன்.
கீழே மணலில் யாரோ எருமை மேய்க்கிறார்கள்.

கிரீன் சர்க்கிள் சிக்னலில்
பக்கத்தில் வந்து நிற்கிறது அப்பாவின் ஆட்டோ.
பின்சீட்டில் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்து ஒரு குடும்பம்.
அப்பா தலையை நீட்டி
"என்ன பாட்டும்மா அது?" என்கிறார்.

ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்குகிறேன்.
பச்சை விழுந்துவிட்டது.
பின்னால் எல்லா ஹாரனும்.